ஒரே சோதனையை நூறு முறை எழுதாமல் இருக்க: ஹெல்ப்பர் எழுதும் முறை, படிப்படியாக

திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடை. வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் கிளைகள். அந்தக் கடைக்குப் பில் போடும் மென்பொருளை நாம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பில் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தானியங்கிச் சோதனைகள் எழுதத் தொடங்குகிறோம். முதல் சில சோதனைகள் சுகமாகப் போகும். எண்ணிக்கை நூறைத் தொடும்போது ஒவ்வொன்றின் தலையிலும் அதே வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: கடையை உருவாக்கு, ஊழியரை உருவாக்கு, பொருளைச் சேர், விலையைப் போடு. ஒருநாள் கடைக்காரர் வந்து, “தம்பி, இனிமேல் செல்பேசி எண் இல்லாமல் பில் போடக் கூடாது” என்பார். “சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால், நூறு சோதனையும் சிவப்பு, அதாவது தோல்வி.

இந்தத் தொல்லைக்கு மருந்துதான் ஹெல்ப்பர் என்று எல்லோரும் அழைக்கிற துணைநிரல். ஆனால் கண்டபடி ஹெல்ப்பர் எழுதினால் நோயைவிட மருந்து மோசமாகிவிடும். சோதனையைத் திறந்தால் மூன்றே வரி இருக்கும். அது எதைச் சோதிக்கிறது என்று தெரிய ஐந்து கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். அது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வேலை. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறேன்: ஹெல்ப்பர் இரைச்சலை மறைக்கலாம், அந்தச் சோதனை எதற்காக இருக்கிறதோ அந்தக் காரணத்தை மறைக்கக் கூடாது.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் தொடங்கியபோது அது திருநெல்வேலி மாவட்டம்தான். இன்று நெல்லைச் சீமையில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பது அதிசயமில்லை. இரண்டு மூன்று பேர் கொண்ட குழு என்றால் எழுதுபவரும் சோதிப்பவரும் ஒருவர்தான். அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் பைத்தான் மொழியின் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியைச் சொல்வேன். முறை மற்ற மொழிகளுக்கும் பொருந்தும். நிரல்களைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். இது வெறும் கற்பனை இல்லை: 2008இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்கும், ஃபங்ஷன் எனப்படும் செயல்கூறுகளுக்கும் தமிழில் பெயர் வைக்க முடிகிறது. கட்டளைச் சொற்கள்தாம் ஆங்கிலமாகவே இருக்கும்.

படி 1: முதலில் ஹெல்ப்பர் இல்லாமல் எழுதுங்கள்

சோதனை: கால் கிலோ அல்வா பில்
  கடை = புதிய கடை (பெயர் “டவுன்”, வரி 5%)
  ஊழியர் = புதிய ஊழியர் (கடை, பணி “பில்”)
  அல்வா = புதிய பொருள் (கடை, கிலோ விலை 200)
  வாடிக்கையாளர் = புதிய வாடிக்கையாளர் (ஊர் “கொக்கிரகுளம்”, செல்பேசி “…”)
  பில் = பில் தொடங்கு (கடை, ஊழியர், வாடிக்கையாளர்)
  பில்லில் சேர் (அல்வா, 250 கிராம்)
  பில்லை முடி
  சரிபார்: பில் தொகை = 53

கிலோ 200 ரூபாய் என்பது கணக்கு எளிதாக வரட்டும் என்று வைத்தது. அந்த விலையை நம்பிக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கால் கிலோ 50 ரூபாய், 5 சதவீத வரி சேர்த்து 52.50, முழு ரூபாயாக்கினால் 53.

இப்போது பென்சில் எடுத்து, 53 என்ற விடைக்குக் காரணமான எண்களை மட்டும் வட்டமிடுங்கள். 200, 5%, 250 கிராம். அவ்வளவுதான். ஊழியரின் பணி, வாடிக்கையாளரின் ஊர், கடையின் பெயர் எல்லாம் மென்பொருள் கேட்கிறதே என்று கொடுத்தவை. வட்டத்துக்கு வெளியே இருப்பதுதான் ஹெல்ப்பருக்குள் போக வேண்டும்.

இதே போன்ற சோதனை மூன்றாவது முறை வரும்வரை எதையும் பிரித்தெடுக்க வேண்டாம். இரண்டு சோதனைகள் ஒன்றுபோல் தெரிவது பல நேரம் தற்செயல். மூன்றாவது வரும்போதுதான் எது நிலையானது, எது மாறுவது என்று புலப்படும்.

படி 2: தரவு உருவாக்கும் ஹெல்ப்பர்

தொடங்க நல்ல இடம் இது. பலனும் அதிகம், ஆபத்தும் குறைவு. எல்லாப் புலங்களுக்கும், சோதனை எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள இயல்பான மதிப்பு (டிஃபால்ட்) வைத்திருக்கும் ஒரு செயல்கூறு எழுதுங்கள். சோதனை தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக் கேட்கட்டும்.

சோதனை: கால் கிலோ அல்வா பில்
  பில் = பில் ஒன்று (கிலோ விலை 200, வரி 5%, எடை 250 கிராம்)
  சரிபார்: பில் தொகை = 53

செல்பேசி எண் கட்டாயம் என்று அண்ணாச்சி சொன்னால் இனி மாற்ற வேண்டியது ஒரே இடம்.

கூர்ந்து பாருங்கள்: 200, 5%, 250 மூன்றையும் சோதனை வெளிப்படையாகச் சொல்கிறது. ஹெல்ப்பரின் இயல்பு மதிப்புகளும் அவையேதான் என்றாலும் சொல்ல வேண்டும். ‘எப்படியும் 200தானே’ என்று அதை விட்டுவிட்டால், 53 எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. இன்னொருவர் ஹெல்ப்பரில் 200ஐ 220 ஆக்கும் நாளில், சம்பந்தமே இல்லாத நாற்பது சோதனைகள் விழும். சரிபார்க்கும் வரியில் நிற்கும் எண்ணுக்கு அந்தச் சோதனையின் உடலுக்குள்ளேயே காரணம் தெரிய வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஹெல்ப்பரின் இயல்பு மதிப்புகளை வேண்டுமென்றே விசித்திரமாக, விலை 137, வரி 11% என்று மாற்றி எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். விழுகிறவை எல்லாம் சொல்லாமல் எதையோ நம்பிக்கொண்டிருந்தவை.

செல்பேசி எண், பில் எண் போல இரண்டு முறை வரக் கூடாதவற்றுக்கு ஹெல்ப்பருக்குள் ஓர் எண்ணி வைத்து ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிக் கொடுங்கள். தற்செயல் எண் வேண்டாம். இன்று தேறி நாளை விழுகிற சோதனையைப் போல வேலையைக் கெடுப்பது வேறில்லை. தற்செயல் தரவு தேவைதான் என்றால், அதன் தொடக்க எண்ணை அறிக்கையில் அச்சிடும்படி செய்யுங்கள். விழுந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க அதுதான் வழி.

ஜாவாவில் எழுதுபவர்கள் இதற்கு பில்டர் என்ற சங்கிலி முறையைக் கையாள்வதைப் பார்க்கலாம். அங்கே செயல்கூறுகளுக்கு இயல்பு மதிப்பு கொடுக்கும் வசதி இல்லை என்பதே பெரிய காரணம். பைத்தானிலும் கோட்லினிலும் அந்த வசதி மொழியிலேயே இருக்கிறது. அங்கேயும் பில்டர் எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

படி 3: ஒரே உடல், பல வரிசைகள்

எடை மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் ஹெல்ப்பரைவிட அட்டவணை நல்லது. பைடெஸ்டில் இதற்குப் பாராமெட்ரைஸ் என்று பெயர். ஜாவாவில் 2017இல் வந்த ஜேயூனிட் 5 என்ற சோதனைக் கருவி இதை எளிதாக்கியது.

கிலோ விலை 200, வரி 5%:
  100 கிராம் → 21
  150 கிராம் → 32
  250 கிராம் → 53
  500 கிராம் → 105
  1 கிலோ → 210

இந்த ஐந்து வரிசைக்குள் ஒரு பொறி இருக்கிறது. 150 கிராமுக்கு 31.50 வரும், 250 கிராமுக்கு 52.50 வரும். பைத்தான் 3இன் ரவுண்டு செயல்கூறு சரிபாதியாக வருவதை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 31.50 என்பது 32 ஆகும். கடை வழக்கமும் அதுதான். 52.50 என்பதோ 52 ஆகிவிடும். 150 கிராமை மட்டும் சோதித்தவர் எல்லாம் சரி என்று நிம்மதியாகப் போவார். கடையில் கால் கிலோப் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் குறையும். பணக் கணக்குக்கு ஏற்ற டெசிமல் என்ற எண் வகையை எடுத்துக்கொண்டு, பாதி வந்தால் மேலே தள்ளு என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் இதற்குத் தீர்வு. சோதனையில் இரண்டு வரிசையும் இருந்ததால்தான் இது சிக்கியது.

இங்கே சிலர் எதிர்பார்க்கும் தொகையையும் கணக்கிட்டுத் தர ஒரு ஹெல்ப்பர் எழுதுவார்கள்: எடை கொடு, விலை கொடு, விடை வாங்கு. அதைச் செய்யாதீர்கள். அந்த ஹெல்ப்பருக்குள்ளும் அதே ரவுண்டு இருக்கும். இரண்டு பக்கமும் 52 என்று சொல்லும். சோதனை பச்சை காட்டும். எதிர்பார்க்கும் விடையைக் கையால் கணக்கிட்டு எண்ணாகவே எழுதுங்கள். முடிந்தால் கடையின் பழைய பில்லிலிருந்து எடுங்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் வையுங்கள். ‘வரிசை 3 விழுந்தது’ என்பதைவிட ‘கால் கிலோ, பாதி ரூபாய் மேலே போக வேண்டும்’ என்று அறிக்கையில் வந்தால் நிரலைத் திறக்காமலே பாதி விஷயம் விளங்கிவிடும். அட்டவணைக்குள் ‘இந்த வரிசைக்கு மட்டும் தள்ளுபடி’ என்று நிபந்தனை நுழைய ஆரம்பித்தால் அந்த வரிசையை வெளியே எடுத்துத் தனிச் சோதனையாக்கிவிடுங்கள்.

படி 4: சரிபார்க்கும் ஹெல்ப்பர்

அதிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். சரிபார்ப்பு ஹெல்ப்பர் விழும்போது இரண்டு கேள்விக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும்: எந்தச் சோதனையின் எந்த வரியில்? எது எதிர்பார்ப்பு, எது கிடைத்தது?

பைடெஸ்டில் ‘இது உண்மையா பார்’ என்று சொல்லும் அசெர்ட் கட்டளையை வெறுமனே எழுதினாலே இரண்டு பக்க மதிப்பையும் விரித்துக் காட்டும். சோதனைக் கோப்பைப் படிக்கும்போதே அது நிரலைத் திருத்தி எழுதிக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அந்தத் திருத்தம் சோதனைக் கோப்புகள், கான்ஃப்டெஸ்ட் என்ற பொது அமைப்புக் கோப்பு, செருகுநிரல்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே தானாக நடக்கும். சரிபார்ப்புகளை வேறொரு கோப்புக்கு நகர்த்திய மறுநாள், விவரமே இல்லாமல் ‘அசெர்ஷன் எரர்’ என்று மொட்டையாக வரும். பலரும் குழம்பும் இடம் இது. ஹெல்ப்பர் கோப்பை இறக்குமதி செய்வதற்கு முன், ரெஜிஸ்டர் அசெர்ட் ரீரைட் என்ற செயல்கூறிடம் அதன் பெயரைப் பதிவு செய்தால் விவரம் திரும்பிவிடும்.

அடுத்தது வரி எண். ஹெல்ப்பருக்குள் விழுந்தால் அறிக்கை ஹெல்ப்பரின் வரியைத்தான் காட்டும். நமக்கு வேண்டியதோ அதை அழைத்த இடம். ஹெல்ப்பருக்குள் ட்ரேஸ்பேக்ஹைட் என்ற மாறியை, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்டு, ‘உண்மை’ என்று வைத்தால் பைடெஸ்ட் அந்த அடுக்கை மறைத்து அழைத்தவரைக் காட்டும். கோ மொழியில் இதே வேலையைச் செய்யும் டி.ஹெல்ப்பர் 2017இல் 1.9 பதிப்பில் வந்தது. ஹெல்ப்பரின் முதல் வரியாக அதை எழுதுவது அங்கே வழக்கம்.

தமிழில் பெயர்களைக் கையாளும் மென்பொருளுக்கு ஒரு சரிபார்ப்பு ஹெல்ப்பர் கட்டாயம் வேண்டும். கொக்கிரகுளம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்கு, ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தால் மொத்தம் 12 குறியீடுகள், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 13. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்று சொல்லும். பாளையங்கோட்டையின் ‘கோ’வுக்கும் இதே கதை. யூனிகோட் இந்த இரண்டு வடிவத்தையும் சமம் என்றே வைத்திருக்கிறது. என்எஃப்சி என்ற முறைப்படுத்தலைச் செலுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

தமிழ் ஒன்றா (கிடைத்தது, எதிர்பார்த்தது)
  இரண்டையும் என்எஃப்சி ஆக்கு
  ஒன்றில்லை என்றால்: இரண்டையும், ஒவ்வொன்றின் குறியீட்டு எண்களையும் அச்சிட்டு விழு

குறியீட்டு எண்களை அச்சிடுவதை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் அறிக்கையில் ‘எதிர்பார்த்தது: கௌரி, கிடைத்தது: கெளரி’ என்று வரும், நீங்கள் திரையை வெறித்துக்கொண்டிருப்பீர்கள். ஒன்றில் இருப்பது ஔகாரக் குறி. மற்றதில் இருப்பது கொம்பும் ள என்ற முழு எழுத்தும். இதை என்எஃப்சி சேர்த்து வைக்காது. ஒட்டி நகலெடுத்த எழுத்தோடு வந்துசேரும் அகலமில்லாத குறிகளையும் அது நீக்காது.

இந்த ஹெல்ப்பரிலும் ஓர் ஓட்டை உண்டு. மென்பொருள் பெயர்களைச் சேமிக்கும் முன்பே முறைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரைத் தேடும்போது கொக்கிரகுளத்துக்காரர்கள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இரண்டு பக்கத்தையும் முறைப்படுத்தி ஒப்பிடும் ஹெல்ப்பர் அந்தப் பிழையை மூடிவிடும். ஆகவே சேமிப்பு, தேடல் ஆகிய இரண்டுக்கும் இந்த ஹெல்ப்பரைத் தொடாமல் தனித்தனிச் சோதனை எழுதுங்கள்: 13 குறியீட்டு வடிவத்தை உள்ளே கொடுத்து, 12 வெளியே வருகிறதா என்று நேராகப் பாருங்கள்.

படி 5: கடிகாரம்

பில் மென்பொருளில் தேதி வராத இடமில்லை. ‘இப்போது மணி என்ன’ என்று நிரல் தானாகக் கேட்டுக்கொண்டால் சோதனை பகலில் தேறும், இரவில் விழும். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி நிரலை அமைத்து, சோதனையில் நிறுத்திவைத்த கடிகாரத்தைக் கொடுங்கள். ஜாவா 8 முதல் அதற்கென்றே நிலைக் கடிகாரம் இருக்கிறது. பைத்தானில் ஃப்ரீஸ்கன் என்ற கருவி உண்டு.

நிறுத்தும் நேரத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், மார்ச் 31 மாலை 6:30 அதற்கு. நமக்கு அப்போது ஏப்ரல் 1 பிறந்துவிட்டது, நிதியாண்டும் மாறிவிட்டது. ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் 16 குறிகளைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்பவும் வரக் கூடாது. எனவே ‘மார்ச் 31 இரவு 11:50’, ‘ஏப்ரல் 1 இரவு 12:10’ என்ற இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்திலேயே எழுத ஒரு சின்ன ஹெல்ப்பர் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரத்தை மனத்தால் கழித்துச் சோதனைகளில் எழுதும் பழக்கம் ஆபத்தானது.

படி 6: திரையைத் தொடும் சோதனைகள்

உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பார்க்கும் சோதனைகளுக்கு செலினியமோ பிளேரைட்டோ எடுத்துக்கொள்கிறோம். இங்கே ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஹெல்ப்பர். அந்தத் திரையின் பொத்தான், கட்டம் எல்லாவற்றின் முகவரியும் அதற்குள் மட்டும். சோதனை பேசுவது கடைக்காரரின் மொழியாக இருக்கட்டும்: ‘பில் திரை: அல்வா 250 கிராம் சேர்’. ‘மூன்றாவது வரிசையில் நீலப் பொத்தானை அழுத்து’ என்று சோதனையில் வந்தால் ஹெல்ப்பர் தன் வேலையைச் செய்யவில்லை. திரை ஹெல்ப்பருக்குள் விடையைச் சரிபார்க்க வேண்டாம். அது தகவலை எடுத்துக் கொடுக்கட்டும், சரியா தவறா என்பதைச் சோதனை சொல்லட்டும்.

காத்திருப்பு தனித் தலைவலி. ‘3 வினாடி தூங்கு’ என்று எழுதினால் வேகமான கணினியில் நேரம் வீண். மெதுவான கணினியில் சோதனை விழும். ‘தொகை திரையில் தெரியும்வரை, அதிகபட்சம் 10 வினாடி’ என்று நிபந்தனைக்குக் காத்திருக்கும் ஹெல்ப்பரை எழுதி, தூங்கச் சொல்லும் கட்டளையைச் சோதனைகளிலிருந்து அறவே நீக்குங்கள். செலினியத்தில் எல்லாத் தேடலுக்கும் ஒரே நேரம் வைக்கும் பொதுக் காத்திருப்பையும் நிபந்தனைக் காத்திருப்பையும் கலக்க வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கலந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்றே கணிக்க முடியாது. பிளேரைட் அழுத்தும் முன் தானாகவே காத்திருக்கும். அங்கே இந்த ஹெல்ப்பர் பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொன்று: எல்லாத் திரைச் சோதனையும் உள்நுழைவுத் திரையில் தொடங்க வேண்டியதில்லை. உள்நுழைவை ஒருமுறை திரை வழியே சோதியுங்கள். மற்றவற்றுக்கு ஊழியரை நேரடியாக உள்ளே அமர்த்தும் ஹெல்ப்பர் போதும். நேரம் மிகவும் மிச்சமாகும்.

படி 7: சுத்தம் செய்தல்

உருவாக்கும் ஹெல்ப்பரே அழிக்கவும் பொறுப்பேற்க வேண்டும். பைடெஸ்டில் சோதனைக்குத் தேவையானதைத் தயாரித்துத் தரும் செயல்கூறுக்கு ஃபிக்ஸ்சர் என்று பெயர். அதற்குள் ஈல்டு என்ற சொல்லுக்கு முன் தயாரிப்பு, பின் சுத்தம். சோதனை விழுந்தாலும் பின்பகுதி ஓடும். பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ், ஒவ்வொரு சோதனையையும் ஒரு தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் ஓட்டிக் கடைசியில் மாற்றங்களையெல்லாம் பின்வாங்கிவிடும். அதைக் கையாள்பவர்களுக்குத் தரவுத்தளத்தைப் பற்றிய கவலை குறைவு.

வேகத்துக்காக ஒரு ஃபிக்ஸ்சரை எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாக்கும் ஆசை வரும். உலாவியைத் திறந்து வைப்பது போன்ற, மாறாத விஷயத்துக்கு அது சரி. மாறக்கூடிய பில்லையும் இருப்பையும் பொதுவாக்கினால் ஒரு சோதனை விற்ற அல்வா இன்னொன்றில் குறையும். சோதனைகளின் வரிசையைக் குலுக்கி ஓட்டும் பைடெஸ்ட் ரேண்டம்லி போன்ற கருவியை இடையிடையே ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒட்டுறவு உடனே வெளிப்படும்.

படி 8: பழைய சோதனைகளுக்குள் கொண்டுவருதல்

நூற்றுக்கணக்கான சோதனை ஏற்கெனவே இருந்தால் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். புதிதாக எழுதுவதும், வேறு காரணத்துக்காகத் தொடுவதும் மட்டும் புது ஹெல்ப்பருக்கு மாறட்டும். மாற்றிய ஒவ்வொரு சோதனையையும் ஒருமுறை வேண்டுமென்றே விழவையுங்கள்: வரி விகிதத்தை நிரலில் 10 ஆக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றத்தில் எதையோ தொலைத்துவிட்டீர்கள்.

எல்லாவற்றையும் ‘பொது’ என்ற ஒரே கோப்பில் கொட்டாதீர்கள். பில், இருப்பு, வாடிக்கையாளர் என்று பொருளுக்கு ஒரு கோப்பு வைத்தால் தேடுபவருக்குக் கிடைக்கும். கிடைக்காத ஹெல்ப்பரை இன்னொருவர் மறுபடி எழுதிவிடுவார். ஹெல்ப்பருக்குள் நிபந்தனைகள் நுழைந்துவிட்டால் அதற்கும் சோதனை எழுதுங்கள், அல்லது இரண்டாக உடையுங்கள். ‘வரி உண்டா, தள்ளுபடி உண்டா, பார்சலா’ என்று ஆம், இல்லை கேட்கும் மூன்று அளபுருக்கள் (ஹெல்ப்பருக்குக் கொடுக்கும் மதிப்புகள்) வரிசையாக நின்றால் அழைக்கும் இடத்தில் ‘ஆம், இல்லை, ஆம்’ என்று மட்டுமே தெரியும். அதற்குப் பதில் ‘பார்சல் பில்’ என்று தனிப் பெயரில் இன்னொரு ஹெல்ப்பர் இருக்கட்டும். ஒரே ஒரு சோதனை மட்டும் அழைக்கும் ஹெல்ப்பரைக் கண்டால் அதன் வரிகளை அந்தச் சோதனைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு ஹெல்ப்பரை அழித்துவிடுங்கள்.